முந்நூறு வீட்டுக்கு ஒரு வீடு

மூன்றாவது முறை வந்தபோதும் அந்த வீடு பூட்டித்தான் கிடந்தது. கணக்கெடுப்புக்காரி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. நகரத்தில் மூன்று லட்சம் வீடுகள்; குலுக்கி எடுத்த ஆயிரம் வீடுகளில் மட்டும் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆக, ஒரு வீடு முந்நூறு வீடுகளுக்காகப் பேசும். அவள் பங்கு இருபதில் பத்தொன்பது முடிந்துவிட்டது. இந்த ஒன்றுதான் தொண்டையில் சிக்கிய முள்.

கைபேசி அடித்தது. மேற்பார்வையாளர்.

“இன்னுமா முடியல? எதிர் வீட்டை எழுதிட்டு வாங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் முடிச்சாங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.”

“கிளறிட்டு எடுத்தாத்தான் சார் பதம். மேலாப்புல எடுத்தா அடிப்பிடிச்சது எப்படித் தெரியும்?”

“வியாக்கியானம் வேணாம். ஆறு மணிக்குள்ள தாள் வரலைன்னா அடுத்த வேலைக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன்.”

எதிர் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். சொந்த மோட்டார், நாளெல்லாம் வீட்டிலிருப்பு, கேட்காமலே பதில் சொல்லுகிற வாய். இப்படிப்பட்டவர்களையே கேட்டுக் கேட்டுத்தான் போன வருடம் ஊரில் தண்ணீர்க் கஷ்டமே இல்லை என்று அச்சடித்தார்கள். தண்ணீர் தேடிப் போனவள் எப்படிக் கதவைத் திறப்பாள்? கணக்கெடுப்புக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலையும் போனால் வீட்டில் என்ன சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். இருந்தும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்காரி இரண்டு கேன்களோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சலித்துக்கொண்டாள்.

“என்னை எதுக்குக் கேக்கறீங்க? எதிர்ல கேளுங்க, விவரமானவரு.”

“குலுக்கல்ல விழுந்தது உங்க வீடுதான்க்கா. அவரைக் கேட்டா அவர் கதைதான் வரும். நீங்க சொன்னா முந்நூறு வீடு சொன்ன மாதிரி.”

“முந்நூறா? என் வீட்லயே நான் சொன்னா ஒருத்தரும் காதுல வாங்கறதில்ல.”

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பூட்டைத் திறந்து விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். வெறும் காற்று சீறியது.

“இது உங்க தாள்ல எந்தக் கட்டத்துல வரும்?”

கைபேசி மறுபடி அடித்தது. மணி ஆறு. கணக்கெடுப்புக்காரி அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

“மெதுவா சொல்லுங்கக்கா. ஒண்ணு விடாம எழுதறேன்.”

வீட்டுக்காரி குழாயை மூடவில்லை. அது சீறிக்கொண்டே இருக்க, முந்நூறு வீட்டுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.