வங்கி காட்டிய கணவர்

ஊரார் எலும்பையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற எக்ஸ்ரேக்காரிக்கு, கட்டின புருஷன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இதைச் சொன்னால் அவளுடைய நாத்தனார் சிரிப்பாள். அண்ணன் மனசில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது, ரெண்டு ஸ்பேனரும் ஒரு தூக்கமும்தான் என்பாள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், வங்கி வேறு மாதிரி சொல்லத் தொடங்கும்வரை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் பகல் வேலை. இவள் செருப்பைக் கழற்றும்போது அவர் மாட்டிக்கொண்டு கிளம்புவார். வீடு என்னவோ மூன்று அறை வீடுதான். குடித்தனம் நடந்தது வாசற்படியில். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்", "தண்ணி வரல", "சரி". அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

மிச்சப் பேச்சை வங்கிதான் பேசியது. கூட்டுக் கணக்கு தொடங்கியபோதே அவள் ஒரு ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியிருந்தாள். தான் செய்த செலவைத் தனக்கே சொல்லிக்காட்டும் செய்தி வேண்டாம். அவர் கார்டைத் தேய்த்தால் இவள் போனில் வரட்டும், இவள் தேய்த்தால் அவர் போனில் வரட்டும். வங்கியில் விநோதமாகப் பார்த்தார்கள், ஆனால் செய்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் மத்தியானம் சாப்பிட்டாரா இல்லையா என்பது, சாப்பாட்டுக் கடையின் பெயராக இவள் போனில் வந்து நிற்கும். இவள் மருந்துக்கடைப் படி ஏறினால், சாயங்காலம் வாசலில் "தலைவலியா?" என்பார். கேட்காமலே தெரிந்துகொள்கிற இந்தச் சௌகரியத்தில் கேட்கிற பழக்கமே விட்டுப்போயிற்று.

ஒரு நாள் அவள் தூங்கி எழுந்து பார்த்தபோது போனில் வழக்கமான சாப்பாட்டுக் கடை இல்லை. படம் வரைகிற சாமான் விற்கும் கடையின் பெயர் இருந்தது. அடுத்த வாரம் அதே கடை மறுபடி வந்தது. பிறகு படத்துக்குச் சட்டம் போடுகிற ஒரு கடை. லிஃப்ட்காரருக்கு வண்ணம் எதற்கு? சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் அடுத்த பொங்கல்வரை தள்ளிப்போடுகிற மனிதர் சட்டம் போட்டு எதை மாட்டப் போகிறார்?

கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தச் செய்திகள் நின்றுவிடுமோ என்று அவளுக்கு இருந்தது. திரை விலகி உள்ளே ஏதோ தெரியும்போது யாராவது தும்முவார்களா? அவர் குளிக்கப் போன சமயம் எங்காவது வண்ணம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, அவர் கழற்றி வைத்த கையுறையைக் கூடத் திருப்பிப் பார்த்தாள். கிரீஸ்தான் இருந்தது. ஆளை ஏதோ ஒரு மறைவான இடத்தில் உட்கார்ந்து வரைகிறவராகக் கற்பனை செய்துகொண்டாள். வெட்கப்படுகிறார் போலிருக்கிறது. ஜன்னலோரத்து மேஜையில் மலைபோல் கிடந்த பழைய துணியையும் டப்பாக்களையும் ஒழித்து, துடைத்து, வெளிச்சம் நன்றாக விழும்படி நகர்த்தி வைத்தாள். இங்கேயே வரையட்டுமே. மறுநாள் அந்த மேஜைமேல் அவருடைய ஸ்பேனர் பை உட்கார்ந்திருந்தது.

அதே சமயம் அவள் ஆஸ்பத்திரிப் பையில் ஒரு புதுத் துண்டு இருந்தது. நல்ல கனமான, நீலக் கரை போட்ட துண்டு. யார் வைத்தது என்பதில் சந்தேகமில்லை, எதற்கு வைத்தார் என்பதுதான் புரியவில்லை. எக்ஸ்ரே அறையில் துண்டுக்கு என்ன வேலை? அதையும் அவள் கேட்கவில்லை. அவர் இப்போதெல்லாம் வாசற்படியில் ஒரு நொடி கூடுதலாக நின்று, இவள் தலைமுடியைப் பார்த்துவிட்டுப் போனார். ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

அப்புறம் சினிமா வந்தது. இரண்டு டிக்கெட். அவள் ஆஸ்பத்திரியில் யாருடைய உடைந்த விலாவையோ படம் பிடித்துக்கொண்டிருந்த ராத்திரியில், இரண்டு டிக்கெட்.

அதுவரை வேடிக்கையாக இருந்தது அத்தனையும் வேறு முகம் காட்டியது. வண்ணம் அவருக்கில்லையோ, வரைகிற யாருக்கோ வாங்கிக் கொடுக்கிறாரோ? துண்டு கூட குற்ற உணர்ச்சியில் வாங்கியதோ? நாத்தனாருக்குப் போன் செய்தாள். நாத்தனார் இந்த முறை சிரிக்கவில்லை.

"அண்ணி, எங்கண்ணன் வாயில கொழுக்கட்டைதான் இருக்கும், மனசுல கள்ளம் இருக்காது. நேரா கேட்டுடுங்க."

கேட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். அதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல்காரரிடம் எப்படிக் கேட்பது? இவளும் லீவு போட்டுவிட்டு, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்க்கிறாள். காதோரம் நரை எப்போது வந்தது? வாய் திறந்தபடி அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவள் போன் டிங் என்றது. படகுத் துறையில் அவர் அந்த நிமிஷம் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார்.

ஆள் இங்கே குறட்டை விடுகிறார், கார்டு அங்கே படகு ஏறுகிறது. அவள் எழுந்துபோய் அவர் பர்ஸைத் திறந்தாள். கார்டு பத்திரமாக இருந்தது. முதலில் வந்தது பயமில்லை. சொன்னால் வெட்கக்கேடு, நிம்மதிதான் வந்தது. திருட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை, படகில் இருப்பது இவர் இல்லை.

காய்ச்சல் விட்டதும் படகு டிக்கெட் செய்தியை மட்டும் அவரிடம் காட்டினாள், இருவரும் ஒன்றாக வங்கிக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி சின்னப் பெண். இவர்களுடைய கணக்கைத் திறந்ததுமே அவள் முகம் மாறியது. பணம் ஒரு சல்லி குறையவில்லை, அதுவரை சத்தியம் என்றாள். புது கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது இரண்டு கூட்டுக் கணக்குகளின் போன் நம்பர்கள் இடம் மாறிவிட்டன. செய்தியைத் தானே வாங்காமல் துணைக்கு அனுப்பச் சொன்ன ஜோடி இந்தக் கிளையிலேயே இரண்டுதானாம். அந்த ஏற்பாட்டுக்கென்று தனியாகக் கையால் பதிய வேண்டியிருந்தது, அதில்தான் கை தவறிவிட்டது. இப்படி எல்லாம் கேட்கிறவர்கள் கிடைத்தால் வங்கிதான் என்ன செய்யும்!

"அந்த இன்னொரு ஜோடி நேத்தே வந்துட்டாங்க. அந்த சார் இங்க உக்காந்து அழுதுட்டார், மேடம். அவர் போன்ல தினமும் ஆஸ்பத்திரி கேன்டீன்னு வருதாம். சம்சாரம் ஏதோ வியாதிய மறைக்கறாங்கன்னு நெனச்சு, கொஞ்ச நாளா சினிமா, படகுன்னு கூட்டிட்டுப் போறாராம்."

இரண்டு டிக்கெட் சந்தேகமும் அந்த இடத்திலேயே கரைந்தது. முகம் தெரியாத அந்த மனிதர் அழுத நாற்காலியில்தான் தானும் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. பக்கத்தில் பார்த்தாள். இவர் கண்ணாடித் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நீச்சல் குளம்?" என்று அதிகாரியிடம் கேட்டார். அது அந்த அம்மாவுடையது, வண்ணக் கடை அந்த சாருடையது என்றாள் அவள்.

வெளியே வந்து வங்கிப் படியில் இரண்டு பேரும் நின்றார்கள். வாசற்படியில் நின்று பழகியவர்கள்தானே. ஆனால் இன்று யாரும் எங்கும் கிளம்ப வேண்டியிருக்கவில்லை.

"துண்டு அதுக்குத்தானா?" என்றாள்.

"ஆமா."

"ஏங்க, ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"கேட்டா நிறுத்திடுவியோன்னு நெனச்சேன்." சட்டைப் பொத்தானைத் திருகினார். "ஒரு நாள் மத்தியானம் அங்க போனேன். வெளிய கண்ணாடி வழியா பாக்கலாம். எல்லாரும் தொப்பி போட்டிருந்தாங்க, யாரு என்னன்னு தெரியல. நீலத் தொப்பி ஒருத்தங்க. அதான் நீன்னு வெச்சுக்கிட்டு சாப்பாட்டு நேரம் முழுக்க நின்னு பாத்துட்டு வந்தேன்."

இவர் வரைவதாக நினைத்துத் தான் மேஜை துடைத்ததைச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. அதற்கு முன் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நான் எப்படி நீந்தினேன்?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல யோசிக்கிற முகமில்லை அது, நினைவுபடுத்திப் பார்க்கிற முகம்.

"மொதல்ல ஓரத்துக் கம்பிய விடவே இல்ல. அப்புறம் விட்டுட்டே."

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், தூங்க வேண்டிய நேரத்தில், அவள் அந்த நீலக் கரைத் துண்டோடு நீச்சல் குளத்துச் சீட்டு வாங்கும் இடத்தில் நின்றாள். கார்டைத் தேய்த்தாள். சீட்டை வாங்கிக்கொள்வதற்குள் போன் அடித்தது. எடுத்தாள், அவர் குரலுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு மூடித் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, இது நீயா, இல்ல மறுபடி பேங்க்கா?"

"நான்தாங்க" என்றாள்.