களி கிண்டிய கை

வாத்தியார் தீர்த்தகிரி செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். மாற்றலாகிப் போன தலைமை ஆசிரியர் விட்டுச்சென்ற ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்த படத்தை மனைவி பாஞ்சாலியிடம் காட்டினார்.

சீமையில் ஒரு கால்வாய். அதில் ஒடுக்கமாக, நீளமாக ஒரு படகு. படகுக்குள்ளேயே அடுப்பு, படுக்கை, ஜன்னலுக்குத் திரை. கரையில் ஒரு குதிரை கயிறு கட்டிப் படகை இழுத்துப் போகிறது. குடை பிடித்த துரைசானி ஒருத்தி மேலே நின்று சிரிக்கிறாள்.

“லீவு விட்டா இவங்க இப்படித்தான் போவாங்களாம். ஒரு வேலையும் இல்லாம, தண்ணி மேலயே நாலு நாள்.”

“நமக்கும் பொங்கலுக்கு நாலு நாள் லீவு வருதுங்களே” என்றாள் பாஞ்சாலி.

மறுநாளே படம் சமையலறைச் சுவரில் கஞ்சிப் பசையோடு ஏறிவிட்டது. பாஞ்சாலி காரிமங்கலம் பக்கத்து மேட்டு நிலத்தில் பிறந்தவள். அவள் ஊரில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை கட்டி மூணு வருஷமாகிறது, நாகமரையில் காவிரி கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது, அக்கரை மாடு எறும்பாகத் தெரியுமாம் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள்.

“அதை ஒருக்கா பாத்துட்டாப் போதுங்க. அப்புறம் எதுவும் கேக்க மாட்டேன்.”

பதினோரு மாதம் அந்தத் துரைசானியின் சிரிப்புக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட தீர்த்தகிரி, 1938 தை மாதம் தோற்றார். பென்னாகரம் வரை பஸ், அங்கிருந்து மாட்டு வண்டி, ஒகேனக்கல் அருவிக்குக் கீழே பரிசல்.

பரிசல்காரன் நாகன், தகரப் பெட்டியையும் குடையையும் களிப் பானையையும் பார்த்தான்.

“வாத்தியாரே, லீவுக்குப் போறீங்களா, குடி போறீங்களா?”

பாஞ்சாலி பரிசலைச் சுற்றி வந்தாள். மூங்கில் கூடைக்கு எருமைத் தோல் போர்த்தியது போலிருந்தது. “இதுல முன்னாடி எது, பின்னாடி எது? குதிரை எங்க?”

“குதிரையா? போவறப்ப ஆறு இழுத்துக்கினு போவும். கரை ஏறினா பரிசலு தலை மேல ஏறிக்கும். எங்க ஆளுங்க வழக்கம் ஒண்ணு இருக்குதும்மா. துடுப்பு போட்ட கை சுமக்கக் கூடாது. கூட வந்தவன் சுமக்கணும்.”

“கூட வந்தவன் இல்லேன்னா?”

“அப்ப வழக்கமும் இல்ல. நானே சுமப்பேன்.”

முதல் நாள் படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. இருபுறமும் பாறைச் சுவர். நடுவில் பச்சைத் தண்ணீர். நீர்நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வேலை இருப்பதுபோல முழுகிப் போயிற்று. தோல் ஊறிவிடாமலிருக்க நாகன் அவ்வப்போது பரிசலைக் கரையில் கவிழ்த்துக் காயவைத்தான். அந்த நேரத்தில் பாஞ்சாலி அடுப்பு மூட்டினாள்.

இரண்டாம் நாள் காலை பரிசல் ஒரு பாறையை நோக்கிப் போயிற்று. நாகன் கையால் பாறையைத் தள்ளினான். பரிசல் தப்பியது, மணிக்கட்டு பிசகியது. கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

“நான் போடறேன்” என்று தீர்த்தகிரி துடுப்பை வாங்கினார். அதே பத்திரிகையில் வேறொரு படகுப் படம் பார்த்த அனுபவத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்து வலித்தார். பரிசல் அழகாகச் சுற்றியது. மறுபடியும் சுற்றியது. கரையில் நின்ற எருமை ஒன்று இவர்களை நாலு தடவை பார்த்தது.

“ஏங்க, இந்த எருமை நமக்கு நல்லாப் பழக்கமாயிடுச்சு” என்றாள் பாஞ்சாலி.

எப்படியோ கரை சேர்ந்தார்கள். தீர்த்தகிரி வியர்வையைத் துடைத்தார்.

“போதும் பாஞ்சாலி. இங்கிருந்து ஒத்தையடிப் பாதை இருக்காம். பென்னாகரம் போயிடலாம்.”

“நாகமரை?”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருஷம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பானையை அடுப்பில் ஏற்றினாள். கேழ்வரகு மாவைக் கொட்டினாள். வெந்ததும் பானையைக் கீழே இறக்கி, அது அசையாமலிருக்க இரண்டு கோல்களைக் குறுக்கே வைத்துக் கால்களால் அழுத்திக்கொண்டு கிண்ட ஆரம்பித்தாள். கோபம் முழுவதும் களியில் இறங்கியது. களி கிண்டும் துடுப்பு இடமிருந்து தன்னை நோக்கி, வலமிருந்து தன்னை நோக்கி, மறுபடி இடம்.

நாகன் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான்.

“அம்மா, வூட்ல எத்தனை பேருக்குக் கிண்டினீங்க?”

“அம்மா வூட்ல பதினாலு பேரு. பன்னண்டு வயசுல இருந்து.”

“அதானே பாத்தேன். பரிசல் துடுப்பும் இதேதாம்மா. முன்னால முட்டி போட்டுக்கினு, தண்ணியை உங்க பக்கமா இழுக்கணும். வாத்தியாரு தண்ணியைத் தள்ளுனாரு.”

“நான் அரிசிச் சோறு தின்னு வளந்தவன்” என்றார் தீர்த்தகிரி.

“பாத்தாலே தெரியுதுங்க” என்றான் நாகன்.

சாப்பிட்டதும் பாஞ்சாலி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் முட்டி போட்டாள். முதல் தரம் பரிசல் அரை வட்டம் அடித்தது.

“கட்டி தட்டுது. இன்னும் அழுத்தி” என்றான் நாகன்.

அழுத்தினாள். இடம், வலம். பரிசல் நேராக நின்றது. பிறகு நேராகவே போயிற்று. தீர்த்தகிரி குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றவில்லை. எருமை பின்னால் மறைந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் பாறைச் சுவர்கள் இரண்டும் சட்டென்று விலகிக்கொண்டன. தண்ணீர்! இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தண்ணீர், மலை அடிவாரம் வரைக்கும் தண்ணீர். அதன்மேல் சூரியன் மஞ்சளாகச் சிந்திக் கிடந்தது. பாஞ்சாலி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். பரிசல் தானாக மெதுவாகச் சுழன்றது. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு சுற்றில் எல்லாப் பக்கமும் பார்க்க முடிந்தது.

“அக்கரையில மாடு தெரியுதா?” என்றார் தீர்த்தகிரி.

“எறும்புகூடத் தெரியலீங்க” என்றாள் சிரித்துக்கொண்டே. கண்ணில் நீர் நின்றது.

நாகமரைக் கரையில் இறங்கினார்கள். நாகனின் மச்சான் வீடு அரை மைல் மேலே. கை சரியாகும்வரை அங்கேதான் அவனுக்குத் தங்கல். பரிசலும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பாஞ்சாலி பரிசலைப் பார்த்தாள். நாகன் கையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“துடுப்பு போட்ட கை சுமக்கக் கூடாதுங்களாமே.”

“நான் வாத்தியார்!” என்றார் தீர்த்தகிரி.

“கூட வந்தவரு நீங்கதானே” என்றான் நாகன்.

ஐந்து நிமிஷம் கழித்து, நாகமரை மேட்டில் ஒரு பெரிய ஆமை இரண்டு காலில் ஏறிப் போயிற்று. முன்னால் குடை பிடித்துக்கொண்டு பாஞ்சாலி நடந்தாள்.

“பாஞ்சாலி! ஒண்ணுமே தெரியல. எந்தப் பக்கம் போவணும்?” என்று பரிசலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நேரா வாங்க. படத்துல குதிரை மட்டும் எங்கேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். கிடைச்சிடுச்சுங்க.”