ஆடின படமும் ஆடாத படமும்

கேளம்பாக்கத்தில் இத்ரீஸ் பாயின் ஸ்டுடியோவில் இரண்டு கேமராக்கள். ஒன்று பழையது, கனமானது, கை நிறையப் பிடித்துக்கொள்ளலாம். இன்னொன்று புதிது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கனமானதை யாரையும் தொடவிட மாட்டார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஷஃபானாவுக்குச் சின்னதைத்தான் கொடுத்தார்.

"பொம்பளப் புள்ள, வெயிட்டு தாங்க மாட்ட. கை நடுங்கும்," என்றார். பெரிய மனசு பண்ணுகிறாராம்!

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற கைக்கு ஒரு கேமரா கனமா? ஷஃபானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர்ந்தவுடனே சண்டை எதற்கு என்று சின்னதையே வாங்கிக்கொண்டாள்.

நிக்காஹ் வீடுகளில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண்கள் போக முடியாது. அதற்காகத்தான் பாய் அவளை வேலைக்கு வைத்தார். முதல் கல்யாணத்திலேயே, மணப்பெண்ணுக்குக் கண் கூசுகிறது, ஃபிளாஷ் வேண்டாம் என்றுவிட்டார்கள். வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கை இம்மி அசைந்தாலும் படம் கலங்கிவிடும். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிற கூட்டத்தில் ஸ்டாண்டு வைக்க ஏது இடம்? சின்னக் கேமராவில் சுண்டுவிரலுக்குப் பிடிமானமே இல்லை, அது பாட்டுக்கு வெளியே தொங்கியது. எடையும் இல்லாததால் பட்டனை அழுத்தும்போதெல்லாம் கேமரா ஆடியது.

பாதிப் படங்கள் கலங்கியே வந்தன.

"அப்பவே சொன்னேன், பொம்பள கைன்னு," என்று பாய் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"கை இல்ல பாய், கேமரா! அந்தப் பெரிசக் குடுத்துப் பாருங்க. லென்ஸுக்கு அடியில கையக் குடுத்தா அந்த வெயிட்டே ஆடாம புடிச்சிக்கும்."

"எனக்கே பாடமா? இன்னொரு வாட்டி ஆடுச்சின்னா வேற ஆள வச்சிக்குவேன்."

அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நெம்மேலியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள், கடற்கரையில் ஒரு பை மணல் அள்ளிவந்தாள். அதைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, தடித்த துணியில் வைத்துத் தைத்து, கேமராவின் அடியில் பட்டையால் கட்டினாள். கைக்குக் கனம் வந்தது, சுண்டுவிரலுக்கும் இடம் கிடைத்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டபடி அழுத்தினாள். அக்கா வீட்டு இருட்டு அறையில் தொங்கிய காலண்டரின் பொடி எழுத்துகூடப் படிக்கும்படி விழுந்தது.

அடுத்த கல்யாணம் செங்கல்பட்டில், ஜஹனாரா மாமியின் மகளுக்கு. மருதாணிக் கை, தலை வாரிய அழகு, மாமியார் கருகமணி கட்டிய நொடி என்று எல்லாம் கண்ணாடி போல் வந்தன. ஒன்றே ஒன்று கலங்கிப்போனது. புறப்படும் நேரத்தில் பெண் தாயைக் கட்டிக்கொண்டு கதறினாள். அப்போது ஷஃபானாவும் அழுதுவிட்டாள், கை நடுங்கிவிட்டது. ஆனால் அந்தப் படமும் ஆல்பத்தில் கட்டாயம் வேண்டும் என்று பெண் கேட்டுக்கொண்டாள்.

ஆல்பம் அச்சாகி வந்தது. புரட்டிப் பார்த்த ஷஃபானாவுக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் 'படம்: இத்ரீஸ்'. அவள் எடுத்த அத்தனையிலும் அதே பேர். கலங்கிய அந்த ஒரு பக்கத்தில் மட்டும் 'படம்: ஷஃபானா'. இதென்ன அநியாயம்? நின்றால் அவருடையது, ஆடினால் இவளுடையதா?

"கஸ்டமருங்க என் பேர நம்பித்தாம்மா வராங்க," என்றார் பாய், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். ஆல்பத்தைக் கையோடு செங்கல்பட்டுக்கு அனுப்பியும் விட்டார்.

மறுநாள் காலை ஜஹனாரா மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆல்பத்தை மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"இன்னா தம்பி இது? எம்பொண்ணு முக்காடு இல்லாம தல வாரிக்கினு இருந்த ரூமு. உள்ள ஒரு ஆம்பளயும் வரக்கூடாதுன்னு நானே வாசல்ல உக்காந்துகினு இருந்தேன். உம்பேரு எப்டி வந்துச்சி? எந்த வழியா உள்ள பூந்த?"

பாயின் முகம் வெளுத்தது. "ஐயோ மாமி, அல்லா மேல ஆணையா நான் வர்ல!"

"சம்மந்தி வூட்ல கேக்குறாங்க, நான் இன்னா சொல்றது? அப்போ யாரு எடுத்தது?"

பாய் ஷஃபானாவைப் பார்த்தார். ஷஃபானா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரே சொல்லட்டும் என்றிருந்தாள்.

"இவதான் மாமி. எல்லாமே இவ எடுத்ததுதான்."

"அப்ப அவ பேரப் போடறதுக்கு இன்னா கேடு?"

"தப்புதான். திரும்பப் பிரிண்டு போட்டுத் தரேன். ஷஃபானா, பொம்பளைங்க பக்கம் எடுத்த எல்லாப் பக்கத்தயும் எடுத்து வைம்மா."

ஷஃபானா ஆல்பத்தைத் திறந்து, தாயும் மகளும் கலங்கித் தெரிந்த பக்கத்தின்மேல் கையை வைத்தாள்.

"இத மட்டும் வுட்ருங்க பாய். இதுல சரியான பேருதான் கீது."