திருமணம் நிச்சயமாகியிருப்பதால்

இரவு ஷிப்ட் முடிந்து விஸ்வநத்தம் விலக்கு டீக்கடைக்கு வந்த மாரீஸ்வரனுக்குக் கண்ணைச் சொருகியது. ஸ்ரீமதி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் மிஷின் ஓட்டும் காலண்டர் கம்பெனி அவளுடைய அப்பாவுடையது. அவள் மதுரையில் கல்வியியல் மேற்படிப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எந்த அதிகாரம் யாரை வெளியே தள்ளுகிறது என்பது அவளுடைய ஆய்வு. முதலாளி மகள் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதையும் ஆய்வில் எழுதுவாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் தூக்குவாளியோடு பஞ்சம்மாள். பட்டாசு கம்பெனி வேனுக்காக நின்றாள். ஒன்பதாவதில் அவனோடு படித்தவள். அந்த வருடக் கடைசியில் பள்ளியை விட்டு நின்ற ஐந்து பேரில் இவர்கள் இரண்டு பேர்.

ஸ்ரீமதி போனை நீட்டினாள். "உங்க ஸ்கூல் பழைய ஃபைல்ல எடுத்தேன். அஞ்சு பேரும் டி.சி. கேட்டு எழுதின லெட்டர். அஞ்சும் ஒரே ஆள் எழுத்து. ஆபீஸ்லதான் எழுதியிருக்காங்க. பத்தாவதுல நூறு சதவீதம் காட்டணும்னு, தோத்துடுவாங்கன்னு நினைச்சவங்கள முன்னாடியே கழிச்சுட்டாங்க."

அது ஆபீஸ் எழுத்தில்லை. மாரீஸ்வரனுடைய எழுத்து.

தலைமையாசிரியர் கனகசபாபதி அன்று அவனைத் தன் அறையில் நாற்காலியில் உட்கார வைத்தார். அதுவரை எந்த வாத்தியாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை. "ஒன் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குலே" என்றார். முதலில் அவனுடைய கடிதத்தை எழுதச் சொன்னார், பிறகு மற்ற நான்கையும். "எல்லாத்துக்கும் ஒரே காரணம் போடாத. மேல இருந்து வந்தா கேப்பாக. நீயே யோசிச்சுப் போடு." அவனும் யோசித்துப் போட்டான். கட்டுரைப் போட்டியில் ஜெயித்தது போல இருந்தது. தன்னையே கழித்துக்கட்டுகிறோம் என்பது வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

"இது பஞ்சம்மாளோடது" என்று ஸ்ரீமதி வாசித்தாள். "'எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால்...'"

பஞ்சம்மாள் தூக்குவாளியைத் தரையில் வைத்தாள்.

"திருப்பி வாசிங்க."

ஸ்ரீமதி வாசித்தாள்.

"உள்ள என்னன்னு காட்டாம, மடிச்ச தாள்ல கையெழுத்து வாங்குனாக. ஜூன்ல வா, சேத்துக்கிடுதோம்னாக. அப்பாவோட போய் நிக்கேன், 'கல்யாணம் நிச்சயமான பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு'ங்காக. எங்க அப்பா பள்ளிக்கூட வாசல்லயே என் முடியப் பிடிச்சாரு. இன்னைக்கு வரைக்கும் நான் எவன்கூடயோ ஓடப் பாத்தேன்னுதான் நெனைக்காரு. பன்னெண்டு வருசமா எவன் இதக் கெளப்பிவிட்டான்னு தேடுதேன்."

பேசாமல் இருந்துவிடலாம். கனகசபாபதி தலையில் எல்லாம் விழும், ஆய்வும் சரியாக முடியும். மாரீஸ்வரன் டீயைக் குடித்தான். சூடு தெரியவில்லை.

"நான்தான் எழுதுனேன்."

நோட்டில் குறித்துக்கொண்டிருந்த ஸ்ரீமதி நிமிர்ந்தாள். "மிரட்டினாரா?"

"இல்ல மேடம். உக்கார வச்சாரு."

அவள் தன் நோட்டைப் பார்த்தாள். அதில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன: தள்ளப்பட்டவர்கள், தள்ளியவர்கள். "உங்கள எதுல போடுறது?" என்று அவனையே கேட்டாள்.

பஞ்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்பிள்ளை யாருலே? அதையும் நீயே பாத்து வச்சியா?"

டீ ஆற்றியவர் விவரம் தெரியாமல் சிரித்தார். வேன் வந்து ஹாரன் அடித்தது.

பஞ்சம்மாள் ஸ்ரீமதியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவன் முன்னால் போட்டாள். "எழுது. எங்க அப்பாகிட்டக் காட்டணும். நடந்தது என்னமோ அத எழுது."

'தலைமையாசிரியர் சொன்னதால்' என்று ஆரம்பித்தான். ஆனால் கல்யாணம் என்று அவர் சொல்லவில்லை. அடித்தான். 'நானாகவே' என்று எழுதினான். நடந்தது அதுவும் இல்லை. அதையும் அடித்தான். ஐந்து கடிதத்தில் ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியவனுக்கு இப்போது கை ஓடவில்லை.

ஹாரன் மறுபடி அடித்தது. வேனிலிருந்து யாரோ, "ஏட்டி, வாரியா இல்லையா?" என்று கத்தினார்கள்.

"நீங்க போங்க" என்று பஞ்சம்மாள் கையை வீசினாள். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் அவனுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ம். எழுதுலே."