ஒற்றையாய் இழுத்த எஞ்சின்

நாச்சிமுத்துவைப் பிடித்திருந்த வியாதிக்குப் பெயர் இரக்கம். மனிதர்மேல் வந்த இரக்கமாக இருந்தால் ஊரே மெச்சியிருக்கும். இவனுக்கு வந்ததோ எஞ்சின்மேல்! சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் அந்த இரக்கத்தால் அவன் பிழைப்பே போக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷம். சண்டைக்கு விமானம் ஓட்ட ஆள் போதாமல், சேலத்துக்குத் தெற்கே செம்மண்ணைக் கெட்டித்து ஒரு பயிற்சித் தளம் போட்டிருந்தார்கள். அங்கே மஞ்சள் பூசிய விமானம் ஒன்று நின்றது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்; உடம்பெல்லாம் மரம். பெரிய குண்டு விமானங்களை ஓட்டப் போகிறவர்கள் முதலில் இதில்தான் கை பழக வேண்டும். எருமப்பட்டியில் பண்ணையம் பார்க்கும் குடும்பத்துப் பிள்ளை நாச்சிமுத்து, முதல் நாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"அட, மரம்! மரத்த இழைச்சுப் பறக்க உட்டிருக்கானுங்களே! இவனுங்க கைக்குத் தங்கக் காப்புத்தான் போடோணும்."

அன்று விழுந்த மயக்கம் தெளியவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட அதன் நிழலில்தான் போய் உட்காருவான். மேலே கிளப்புவதும் இறக்குவதும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒற்றை எஞ்சின் தேர்வு ஒன்றுதான் அவனைக் கவிழ்த்தது. நடுவானத்தில் தேர்வதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஓர் எஞ்சினின் விசையைக் குறைத்துவிடுவார். ஓட்டுகிறவன் மற்ற எஞ்சினை முழு விசைக்குத் தள்ளி, விமானம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகாமல் காலால் மிதித்துப் பிடித்து, தளத்துக்குக் கொண்டு வர வேண்டும். நாச்சிமுத்துவோ நன்றாக ஓடுகிற எஞ்சினையும் சேர்த்துத் தணித்துவிடுவான். விமானம் கிடுகிடுவென்று இறங்கும். அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு தானே பிடித்துத் தூக்குவார். இதுவரை நடந்த இரண்டு தேர்விலும் இதே கதை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தேர்வு.

அவன் என்ன செய்வான்? ஊர் வழக்கம் அப்படி. வண்டியில் பூட்டிய சோடியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால், மற்றதை அப்போதே அவிழ்த்து நிழலில் கட்டுவார்கள். ஒற்றை மாட்டை அடித்துப் பாரம் இழுக்க வைத்தவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். புத்திக்கு எஞ்சின் வேறு, மாடு வேறு என்று தெரியும். கைக்குத் தெரியவில்லை.

"ஏப்பா நாச்சி, எஞ்சினுக்கு என்ன, சுளுக்கா புடிக்கப் போவுது?" என்று கேலி செய்தான் சண்முகவேல். இராசிபுரத்தில் தறி போட்டிருக்கும் குடும்பத்துப் பையன். வானத்தில் வழி பார்த்துச் சொல்லும் பயிற்சியில் இருந்தான்.

"நாளைக்கும் தோத்துட்டேன்னா சாமான் கொட்டாய்க்கு அனுப்பிருவாங்க சம்முவம். அப்புறம் பறக்கறது கனவுலதான்" என்றான் நாச்சிமுத்து. விமானத்தைப் பிரிந்து இருக்க முடியாது என்பது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அன்று பகலில் இருவரும் மட்டும் ஒரு சுற்றுப் போய்வர வேண்டியிருந்தது. நாமக்கல் பாறையைத் தாண்டி, மோகனூரில் காவிரியைப் பார்த்துத் திரும்பி, கொல்லிமலை அடிவாரம் வழியாக வந்தார்கள். கீழே எங்கோ மாடு செத்துக் கிடந்திருக்க வேண்டும். பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று நேராக வந்து இடது எஞ்சினின் விசிறியில் மோதியது.

விமானமே உதறி எடுத்தது. நாச்சிமுத்து இடது எஞ்சினை நிறுத்தினான். மூக்கு இடப்பக்கம் இழுக்க, வலது காலை ஊன்றி மிதித்தான். எல்லாம் சரி. அடுத்த நொடி அந்தப் பாழாய்ப்போன கை வலது விசையைப் பிடித்துத் தணித்தது!

விமானம் இறங்கத் தொடங்கியது. ஒரே பச்சையாய்த் தெரிந்த சோளக்காடு தனித்தனித் தட்டையாகத் தெரிய ஆரம்பித்தது. காட்டில் நின்ற பெண்பிள்ளைகள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"நாச்சி! தள்றா! அது சாகாதுடா, நாமதான் சாவோம்!" என்று அலறினான் சண்முகவேல்.

நாச்சிமுத்து வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான். எஞ்சின் நடுங்கவில்லை, திணறவில்லை. தள்ளினால் போகத் தயாராக, சீராக ஓடிக்கொண்டிருந்தது. துணை விழுந்தாலும் தனியே இழுக்கத்தான் அதைச் செய்தே வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"மன்னிச்சுக்க சாமி" என்று சொல்லிக்கொண்டே முழு விசைக்குத் தள்ளினான்.

அப்பப்பா, அது போட்ட சத்தம்! விமானம் ஏறவில்லை. ஆனால் இறங்குவதை நிறுத்திவிட்டது. பனைமரத் தலைகளுக்குச் சற்று மேலே, இரண்டு ஆட்களையும், செத்துப்போன தன் சோடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அந்த ஒற்றை எஞ்சின் வடக்கே பறந்தது. மிதித்துக்கொண்டே இருந்த நாச்சிமுத்துவின் வலது கால் சோர்ந்து நழுவப் பார்த்தது. சண்முகவேல் குனிந்து அவன் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். செம்மண் தளம் கண்ணில் பட்டதும்தான் இருவரும் மூச்சு விட்டார்கள். சக்கரத்தை இறக்கி, ஒரு துள்ளல் துள்ளி, விமானம் ஓடி நின்றது.

தளமே ஓடி வந்தது. எல்லோரும் இடப்பக்கம் மொய்த்துக்கொண்டு, வளைந்த விசிறியையும் ஒட்டியிருந்த கழுகிறகையும் பார்த்தார்கள். தேர்வதிகாரி சண்முகவேலிடம் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன் சிநேகிதனிடம் சொல், நாளைத் தேர்வு கிடையாது. இன்றைக்கே தேறிவிட்டான்" என்றார்.

சண்முகவேல் அதைச் சொல்லத் தேடிக்கொண்டு போனான். நாச்சிமுத்து யாருமில்லாத வலப்பக்கத்தில் தனியாக நின்றிருந்தான். அனல் அடித்த எஞ்சினைத் தொட முடியாமல், அதன் முன்னால் கையைக் கூப்பியிருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"நான் உன்னத் தாங்கோணும்னு கெடந்தேன் சாமி" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "நீதானே எங்களத் தாங்கிக் கொண்டாந்தே!"