மேல் திருகு, கீழ்த் திருகு

ஏலக்காய் வியாபாரி வெள்ளைத்துரை வாங்கிய கார் புதியதல்ல. மலையில் தோட்டம் வைத்திருந்த ஓர் இங்கிலீஷ்காரத் துரை, சீமைக்குக் கப்பலேறுமுன் மதுரையில் விற்றுவிட்டுப் போனது. கறுப்பு நிறம், மடக்குகிற துணிக்கூரை, முன்னால் இரண்டு பித்தளை விளக்குகள். அதை மதுரையிலிருந்து ஓட்டிவந்த டிரைவர் காசிராஜன் போடியில் ஒரு வாரம் தங்கி, வெள்ளைத்துரைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இரண்டு தரம் வாய்க்காலில் இறங்கியதைத் தவிர வேறு சேதம் இல்லை.

ஏழாம் நாள் காலையில் ஊருக்குக் கிளம்புமுன் காசிராஜன் அவரை வண்டியருகே கூப்பிட்டான்.

"ஓட்டுறது பெருசில்லைங்க அய்யா. எடுக்கிறதுக்கு முன்னால தெனம் மூணு பார்க்கணும். பெட்ரோலு, தண்ணி, எண்ணெய்."

முன் சீட்டைத் தூக்கினான். அதற்கடியில்தான் பெட்ரோல் தொட்டி இருந்தது. கத்தியால் கோடு கீறிய ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நனைந்த இடத்தைக் காட்டினான். பிறகு வண்டியின் மூக்கில் இருந்த மூடியைத் திருகி, தண்ணீர் கழுத்துவரை நிற்பதைக் காட்டினான். "ஓடிச் சூடா இருக்கையில மட்டும் இந்த மூடியத் தொட்றாதீங்க. ஆறவிட்டு, ஈரத்துணியப் போட்டுத் திறக்கணும்."

கடைசியாகச் சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான்.

"எஞ்சினுக்குப் பின்னால ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு திருகு இருக்கு. மேல் திருகைத் திறந்தா எண்ணெய் சொட்டணும். சொட்டலைன்னா கீழ்த் திருகைத் திறந்து பாருங்க. அதுல வந்தா, கொஞ்சம் ஊத்திக்கிட்டு எடுக்கலாம். அதுலயும் வரலைன்னா வண்டிய அசைக்கவே கூடாது."

வெள்ளைத்துரை எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார். அவர் நினைப்பெல்லாம் தங்கை ஊரான தேவாரத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. மோர்ச் செம்போடு நின்ற அவர் மனைவி கருத்தம்மாள்தான் கேட்டாள்.

"ஏந் தம்பி, மேல் திருகுல சொட்டாம ஒழுகுச்சுன்னா?"

"எண்ணெய் கூடிப்போச்சுன்னு அர்த்தம் ஆத்தா. புகை கக்கும். திறந்தே விட்டுட்டுச் சொட்டுக்கு வந்ததும் அடைச்சிருங்க."

"வண்டி ஓட்டப்போறது நானா, நீயா?" என்றார் வெள்ளைத்துரை சிரித்துக்கொண்டே.

"ஏறி உக்காரப்போறது ரெண்டு பேருந்தான்" என்றாள் அவள்.

காசிராஜன் போன மூன்றாம் நாள் தேவாரத்தில் காதுகுத்து. வெள்ளைத்துரையின் தங்கை பொன்னுமணிக்கு நாலு பெண்களுக்குப் பிறகு பிறந்த பையன், பெயர் அமாவாசை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். முகூர்த்தம் பத்து மணிக்குள். பின் சீட்டில் சீர்த்தட்டுகள், வாழைத்தார், வெல்ல மூட்டை எல்லாம் ஏறின. வெள்ளைத்துரை குச்சியை விட்டுப் பெட்ரோல் பார்த்தார், மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தார். எண்ணெய் பார்க்கத் தரையில் படுக்க வேண்டும்; கட்டியிருந்ததோ புதுப் பட்டுக்கரை வேட்டி. மாட்டுவண்டி அச்சுக்கு மை எவ்வளவு அப்பினாலும் நல்லதுதானே என்று நினைத்து, காசிராஜன் வைத்துவிட்டுப் போன இரண்டு டின் எண்ணெயையும் ஊற்றி மூடினார்.

ஊர் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகத்தான் போனது. சிலமலையை நெருங்கும்போது கருத்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சாலையே தெரியவில்லை. நீலப்புகை பனைமர உயரத்துக்கு எழுந்து நின்றது. காட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். வண்டி இருமியது, குலுங்கியது. வெள்ளைத்துரை பயந்துபோய் ஓரமாக நிறுத்தி இறங்கி, நேரே முன்மூடிக்குக் கையைக் கொண்டுபோனார்.

கருத்தம்மாள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "சூடா இருக்கையில தொடாதீங்கன்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சுல்ல. தண்ணிக்கும் இந்தப் புகைக்கும் சம்பந்தம் இல்ல. எண்ணெய் எம்புட்டு ஊத்துனீக?"

அவர் மலையைப் பார்த்தார். "இருந்தத ஊத்துனேன்."

"ரெண்டு டின்னுமா? திருகைத் திறந்து பார்த்தீகளா?"

"வேட்டி புதுசு."

கருத்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்த வெள்ளைத்துரையும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வழியாக மாட்டுவண்டியில் வந்த கோட்டைச்சாமி என்பவர் இறங்கி வந்தார். "மாட்டைப் பூட்டி இழுக்கவா அண்ணே?"

"இழுக்க வேணாம். ஒரு சாக்கும் கலயமும் இருந்தா கொண்டாங்க" என்றாள் கருத்தம்மாள்.

கோட்டைச்சாமி தந்த சாக்கை விரித்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, குறடோடு உள்ளே ஊர்ந்தார் வெள்ளைத்துரை. அவர் திருகியதும் எண்ணெய் அருவிபோலக் கொட்டி மார்பிலும் மூக்கிலும் வழிந்தது.

"அடைங்க, அடைங்க, அது கீழ்த் திருகு" என்று குனிந்து பார்த்துச் சத்தம் போட்டாள் கருத்தம்மாள்.

"மேல் திருகுதான் புள்ள இது."

"மல்லாக்கப் படுத்ததுல ஒங்களுக்கு மேல கீழ மாறிப்போச்சு. அடுத்தத திறங்க."

அடுத்ததைத் திறந்தார். எண்ணெய் மெல்லிய கயிறாய் ஒழுகிக் கலயத்தில் இறங்கியது. கோட்டைச்சாமி கலயத்தைப் பிடித்துக்கொண்டார். கயிறு நூலானது, நூல் அறுந்தது. ஒரு சொட்டு. சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு.

"சொட்டுது" என்றார் வெள்ளைத்துரை, ஆண்பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல.

"அடைச்சிட்டு வெரசா வாங்க."

கலயத்தில் பிடித்த எண்ணெயைத் தன் வண்டி அச்சுக்கு ஆகுமென்று கோட்டைச்சாமி எடுத்துக்கொண்டார். வெள்ளைத்துரை எஞ்சினைக் கிளப்ப வண்டியின் முன்னால் இருந்த கைப்பிடியைச் சுழற்றினார். வண்டி இரண்டு முறை இருமிப் புகையைத் துப்பியது. போகப் போகப் புகை மெலிந்து, பொட்டிபுரம் விலக்கைக் கடக்கும்போது பின்னால் வெறும் புழுதிதான் இருந்தது. வலது கைப்பக்கம் மலையடிவாரம்வரை பச்சையாய்க் கிடந்த காடுகளை அவர்கள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தேவாரத்தில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அண்ணன் இறங்கியதைப் பார்த்த பொன்னுமணி வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் கழுவ நேரமில்லை. மார்பில் ஒரு துண்டைப் போர்த்தி மணையில் உட்காரவைத்தார்கள். மடியில் வைத்த அமாவாசை, தாய்மாமனின் கறுத்த மூக்கை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். கையை நீட்டி அதைத் தடவி, தன் விரலைப் பார்த்துக் கெக்கலித்தான். ஆசாரி அந்தச் சிரிப்பிலேயே ஒரு காதைக் குத்திவிட்டார். இரண்டாவது காதுக்குத்தான் ஊரே கேட்க அழுதான்.

விருந்து முடிந்து கிளம்பும்போது காரைச் சுற்றி ஊர் கூடியிருந்தது. வெள்ளைத்துரை யாரையும் பார்த்துக் கூச்சப்படவில்லை. சாக்கை விரித்து அடியில் படுத்தார். கருத்தம்மாள் சீட்டைத் தூக்கிக் குச்சியை விட்டாள். மூடியில் கைவைத்துப் பார்த்து, ஆறியிருந்ததால் ஈரத்துணியைப் போட்டுத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

"பெட்ரோலு பாதிக்கு மேல இருக்கு. தண்ணி கழுத்துக்கு நிக்குது."

"மேல் திருகு சொட்டுது" என்று குரல் கீழேயிருந்து வந்தது.

திரும்பும் வழியில், வெயில் தாழ்ந்திருந்தது. சிலமலைக் கண்மாய் தண்ணீரில்லாமல் களம்போல விரிந்து கிடந்தது. கருத்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே, "மலையடி முந்தலுக்கு ஏலக்காய் மூட்டை எடுக்கப் போகையில எனக்கும் ஓட்டச் சொல்லித்தாங்க" என்றாள்.

"அது வரைக்கும் எதுக்கு" என்று வெள்ளைத்துரை வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கி நிறுத்தி, நகர்ந்து உட்கார்ந்தார். அவள் இடம் மாறி உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். வண்டி ஒரு துள்ளு துள்ளிப் புறப்பட்டது. மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் கூட்டமாய் எழும்பின. அவர் "மெதுவா, மெதுவா" என்று சொல்லச் சொல்ல, அவள் கண்மாயை மூன்று சுற்றுச் சுற்றினாள்.