வெடிக்காத தோட்டா

தவசிமுத்துவின் தங்கை நாச்சியாரைக் கட்டியவன் மலைச்சாமி. அடித்து உதைத்து அவளைத் தாய்வீட்டுக்கு விரட்டிவிட்டான். அதற்கான வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. தளவாய்புரத்தில் மச்சான்கள் இருவரும் எதிரெதிரே வந்தால் காறித் துப்பிக்கொண்டு போவார்கள். இரண்டு பேரும் ஊர்க்காவல் படையில் இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

எண்பத்தெட்டில் மலையடிவாரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சி. வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வேண்டி வந்தது.

"தோட்டா வெடிக்கலன்னா அசையாதிய," என்றார் பயிற்சி கொடுத்த ஏட்டு சேதுபதி. "குழல் முன்னாலயே பார்த்துட்டு இருக்கணும். கையத் தூக்குங்க, நான் வாரேன். செத்த நேரம் கழிச்சும் வெடிச்சிரும்."

மலைச்சாமி அதைக் காதில் வாங்கவில்லை. "பொண்ண வளக்கத் தெரியாதவனுவ பக்கத்துல படுக்க வேண்டியிருக்கு," என்று தவசிமுத்துவுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தான். தவசிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டான். சுடும் இடத்தில் வாய்ச்சண்டை ஆகாது.

உத்தரவு வந்ததும் மலைச்சாமி விசையை இழுத்தான். 'டிக்'கென்றதோடு சரி. துப்பாக்கியும் கையுமாக முழங்காலிட்டு எழுந்து, "ஏட்டய்யா, வெடிக்க மாட்டேங்கு," என்று திரும்பினான். குழல் தவசிமுத்துவின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

தவசிமுத்து தன் துப்பாக்கியை அப்படியே விட்டுவிட்டு உருண்டு, அந்தக் குழலைப் பிடித்து மணல்மூட்டையில் அமுக்கினான். அமுக்கியதுதான் தாமதம், வெடித்தது. இருவர் கண்ணிலும் மணல்.

"என் துப்பாக்கியப் பிடுங்குதான்," என்று கத்தினான் மலைச்சாமி.

ஏட்டு எல்லோரையும் சுடாமல் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "ஏலே தவசி, வேணும்னே ஒன்னயக் குறி வச்சானா? சொல்லு, இன்னைக்கே உள்ள தள்ளிருவோம்."

ஆமாம் என்றால் போதும். ஊரே நம்பும். தங்கையின் முதுகுத் தழும்பு தவசிமுத்துவின் கண்முன் வந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லய்யா. வெடிக்கலன்னு சொல்லத் திரும்புனான். புத்தி கெடையாது, அம்புட்டுதான்."

இனித் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று ஏட்டு மலைச்சாமியை வெளியே அனுப்பிவிட்டார்.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். "எனக்காகப் பேசுனியே, ஒன்னக் கும்பிடணுமோல?"

"ஒனக்காகப் பேசல. உள்ளதச் சொன்னேன். கோர்ட்லயும் உள்ளதத்தான் சொல்வேன்."

பஸ் வந்ததும் தவசிமுத்து ஏறிக்கொண்டான். மலைச்சாமி ஏறவில்லை.